சாகாத பவளம்

"எது சாகாது?"

நடத்துனர் சீருடையில் வந்தவர் கேட்ட முதல் கேள்வியே அதுதான்.

வளர்ப்புக் கடல்மீன் கடை நடத்துகிறவளுக்குப் பதினொரு வருடமாகக் கேட்டுச் சலித்த கேள்வி. தொட்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "உசுருன்னா சாகத்தான் சார் செய்யும். பிளாஸ்டிக்ல இருக்கு, எடுத்துத் தரட்டுமா?" என்றாள். இதைச் சொன்னால் வருகிறவர்கள் சிரிப்பார்கள்.

அவர் சிரிக்கவில்லை.

அவர் வீட்டில் நாற்பது லிட்டர் தொட்டி. உப்புநீர் நிரப்பி இரண்டு மாதம் ஆகிறது. தங்கைக்காக வாங்கியது. அதில் இரண்டு சின்ன மீன்கள் நன்றாகவே இருக்கின்றன. இப்போது ஒரு பவளம் வேண்டுமாம்.

"அவளே வாயத் திறந்து கேட்டா" என்றார். அதை மட்டும் இரண்டு தடவை சொன்னார்.

கல்போல் வளரும் பவளங்கள் பழகாத கைக்கு ஆகாது. மென்பவளம்தான் சரி. கடைக்காரி முதலில் காட்டியது, தண்ணீருக்குள் சின்னச் சின்னக் கைகளை விரித்து விரித்து மூடிக்கொண்டிருந்த ஒன்றை. பார்த்தவர்கள் எல்லாரும் மயங்கிப்போகிற பவளம்.

அவரும் குனிந்து பார்த்தார். முகம் கொஞ்சம் இளகியது.

பொய் சொல்லி விற்கிற பழக்கம் அவளுக்கு இல்லை. இது நன்றாகத்தான் இருக்கும், ஆனால் ஒரு நாள் காலையில் பார்த்தால் மொத்தமும் கரைந்து போயிருக்கும், ஏன் என்று யாராலும் சொல்ல முடியாது என்றாள்.

அவர் சட்டென்று நிமிர்ந்தார். சூடுபட்டவர்போல் ஓரடி பின்னால் நகர்ந்தார்.

"வேண்டாங்க."

அடுத்தது தோல் பவளம். குடை விரித்தாற்போல் நின்றது. இது இரும்பு என்றாள். அவ்வப்போது சுருண்டு, நிறம் மங்கி, மேல்தோலை உரிக்கும். செத்ததுபோலவே கிடக்கும். பயப்பட வேண்டாம், மறுபடி புதிதாக விரிந்துவிடும்.

"செத்த மாதிரி எத்தன நாள் கிடக்கும்?"

"அஞ்சு நாள். சில சமயம் பத்து."

"ஒரு நாள்கூட அப்படிக் கிடக்கக் கூடாதுங்க."

அவளுக்கு எரிச்சல் வந்தது. கால் நனையாமல் கடல் வேண்டும் என்கிற ஆள். மீன் தீனிக்கு வேறு ஒருவர் வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

கடைசித் தொட்டியின் கீழ்மூலையில், யாரும் திரும்பிப் பார்க்காத இடத்தில், காளான் பவளம் இருந்தது. பாறையோடு ஒட்டிய தட்டையான நீல வட்டம். சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிது. குறைந்த வெளிச்சம் போதும். ஒரு வாரம் தண்ணீர் மாற்ற மறந்தாலும் கோபித்துக்கொள்ளாது.

"விளக்க அணைச்சா மட்டும் கொஞ்சம் சுருங்கும்" என்றாள். "எல்லாரும் தூங்குற நேரம்தானே, யாரு பாக்கப் போறா?"

"அவ தூங்கறதில்லைங்க."

அவள் துடைத்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தாள். அப்போதுதான் அவரை நேராகப் பார்த்தாள். கண் இரண்டும் சிவந்து கிடந்தன. அந்த வீட்டில் தூங்காதது தங்கை மட்டும் அல்ல.

"காலைல விளக்கு போட்ட அரை மணி நேரத்துல விரிஞ்சிரும் சார். முன்னாடியே சொல்லி வெச்சிருங்க. நீங்களும் பக்கத்துல உக்காந்து பாருங்க."

"அரை மணி நேரம்" என்று அவர் தனக்குள் சொல்லிக்கொண்டார். மனப்பாடம் செய்கிற குழந்தையைப்போல் உதடு அசைந்தது.

அவள் பவளத்தைத் தண்ணீரோடு பையில் இட்டு, காற்றடைத்து, செய்தித்தாளில் சுற்றினாள். முதல் பவளம் வாங்குகிறவர்களுக்கு அவள் சும்மா கொடுக்கிற சின்ன உறை ஒன்று உண்டு. பாறையில் ஒட்டப் பசை, தீனி விடக் குழாய், பெரிதாக வளர்ந்தால் இரண்டாக வெட்டி வைக்க ஒரு பிளேடு. ஒவ்வொன்றும் எதற்கு என்று சொல்லிக் கொடுத்தாள்.

அவர் உறையைப் பிரித்தார். பிளேடை மட்டும் எடுத்து மேசைமேல் வைத்து, ஒற்றை விரலால் அவள் பக்கம் தள்ளினார்.

"இது நீங்களே வெச்சுக்குங்க. இப்பல்லாம் வீட்ல வைக்கறதில்ல."

பையை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படி இறங்கினார்.

அவர் சாலையைக் கடப்பதற்குள் அவள் ஓடிப்போய் நிறுத்தினாள். மூச்சிரைக்க, செய்தித்தாளின் மேலேயே ஓர் எண்ணை எழுதினாள். கடை எண் அல்ல, அவளுடைய சொந்த எண்.

"ராத்திரி அது சுருங்கிக் கிடந்தா, தங்கச்சிய எனக்கு ஃபோன் பண்ணச் சொல்லுங்க. எத்தன மணியானாலும் பரவாயில்ல."