ஐந்தாவது கோடு

"உங்களுக்குச் சோறு வடிக்கத் தெரியுமோ?"

"அதுக்குத்தானே நீர் இருக்கிறீர்."

"நான் இல்லாட்டி?"

"இல்லாட்டிச் சந்திக் கடையில பாண் வாங்கித் திண்டாப் போச்சு."

போன வருடம் இதே டிசம்பர் முப்பத்தோராம் திகதி மனைவி றோஸி கேட்டதும், பெரிய பகிடி விட்டதாக நினைத்துக் குடிவெறியில் தானே சிரித்ததும் கஜீவனுக்கு நினைவுக்கு வந்தன. அவள் சிரிக்கவில்லை. கலண்டரின் கடைசித் தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் அவனுக்காக ஐந்து வரி எழுதி பிரிட்ஜ் கதவில் ஒட்டினாள்.

குடியை விடுவது. சமைக்கப் பழகுவது. உடுப்பைத் தானே தோய்ப்பது. பிறஷர் மாத்திரையை யாரும் சொல்லாமல் போடுவது. முகத்துவாரத்தில் இருக்கிற தங்கச்சியோடு கோபம் தீருவது.

"என்ன, வீட்டுப்பாடமோ?" என்று நக்கலடித்தான்.

பிறகு வருடம் அவனை நக்கலடித்தது. மார்ச்சில் வேலை போனது. மச்சானின் கலியாணத்தில் வெறியில் விழுந்து கேக் மேசையைச் சரித்தான். ஜூனில் கண் மஞ்சளாகிப் பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தான். இப்போது கொட்டாஞ்சேனை வீட்டின் சின்னக் குசினியில், அடுப்படியில் நின்று யோசித்தால், நல்ல நாள் என்று சொல்ல ஒன்றுகூட அகப்படவில்லை. ஆறு மாதமாகக் குடிக்கவில்லை. ஆனாலும் கண்ணாடியில் தெரிகிற ஆளை அவனுக்கு இன்னும் பிடிக்கவில்லை. அந்த ஆளோடு ஒருத்தி பன்னிரண்டு வருடம் குடித்தனம் நடத்தியிருக்கிறாளே!

தாளில் நான்கு வரிகள் சிவப்புப் பேனையால் வெட்டப்பட்டிருந்தன. கை நடுங்க நடுங்க அவன் அரிசி கழுவிய நாட்களில், பக்கத்தில் நின்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தவள் அவள்தான். அந்தப் பொறுமையை நம்பித்தான் அவன் எழும்பினான்.

பின்னேரம் றோஸி கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலிலிருந்து வந்தாள். ஜூனிலிருந்து ஒரு செவ்வாய்க்கிழமையும் தவறவிடவில்லை. அவனுக்காக வைத்த நேர்த்திக்கடன்.

"சோறு வடிச்சிட்டீங்களோ?"

"வடிச்சு, பருப்பு வச்சு, கருவாட்டுக் குழம்பும் வச்சிட்டன். இனிக் கடை போடலாம்."

குழம்பை உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தாள். "உப்புக் கணக்கா இருக்கு."

"தங்கச்சி போன் எடுத்தவள். நாளைக்குப் பிள்ளையளோட வாறாளாம். இனி ஒவ்வொரு ஞாயிறும் நான் அங்க போய்ச் சாப்பிடோணுமாம்."

றோஸி பேனையை எடுத்து ஐந்தாவது வரியின் மேல் கோடு கீறினாள். கோடு கோணிப் போனது. அவளுடைய கண்கள் கலங்கியிருந்தன.

கஜீவன் பதறிப்போய்க் கிட்ட வந்தான். "என்னப்பா, உமக்கு ஏதும் நோய் வருத்தமோ? மறைக்காமல் சொல்லும்."

"எனக்கென்ன? குத்துக்கல்லு மாதிரி இருக்கிறன்."

அவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. தாளைக் கழற்றி, மிஞ்சியிருந்த வெற்றிடத்தைக் காட்டினான்.

"இந்த முறை உம்மட முறை. பன்னிரண்டு வருஷத்தில நீர் உமக்கெண்டு என்னட்ட ஒண்டுமே கேட்டதில்லை. இப்ப கேளும். என்னெண்டாலும் செய்வன். அந்தோனியார் சத்தியமா!"

"சத்தியம் பண்ணாதேங்கோ."

"பண்ணியாச்சு."

றோஸி கதிரையை இழுத்து அவனுக்கு முன்னால் உட்கார்ந்தாள். அந்த ஐந்து கோடுகளையும் விரலால் ஒவ்வொன்றாகத் தடவினாள்.

"நேர்த்தி இண்டைக்கோட முடிஞ்சுது," என்றாள்.

"நான் குடியை விடோணும் எண்ட நேர்த்திதானே?"

"இல்லை. அந்தக் கோலத்தில உங்களை விட்டிட்டுப் போக எனக்கு மனம் வரேல்ல. தனிய இருந்தாலும் இந்த மனுசன் பிழைச்சுக்கொள்ளோணும் எண்டுதான் அந்தோனியாரைக் கேட்டனான்."

பேனையை மூடி அவன் கையில் வைத்தாள்.

"இனி என்னைப் போக விடுங்கோ."