நாற்காலியில் கோந்து

“உங்க பொண்ணு டீச்சர் நாற்காலில கோந்து தடவியிருக்கா, மிஸ்டர் கௌசிக்! கோந்து! எங்கேர்ந்து கத்துண்டான்னு நான் சொல்லட்டுமா, இல்லை நீங்களே சொல்றேளா?”

பிரின்சிபால் தமயந்தி மேஜையை ஓங்கித் தட்டியதில் பேனா ஸ்டாண்டு குப்புற விழுந்தது. கொல்கத்தா லேக் மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் அந்தப் பெண்கள் பள்ளியில் அவர் குரல் உயர்ந்தால் காரிடாரில் காக்கா கூட உட்காராது. மற்ற எல்லாரையும் பெங்காலியில் திட்டுவார். தமிழ்க் குடும்பத்துப் பெற்றோர் வந்தால் மட்டும் தமிழ். அதில் காரம் இன்னும் கொஞ்சம் தூக்கல்.

கௌசிக் தலையைக் குனிந்துகொண்டான். வயது முப்பத்தாறு. ஆனால் கொல்கத்தாவில் பாதிப் பேருக்கு அவனை அரை டிராயரில்தான் தெரியும். ஞாயிற்றுக்கிழமை டி.வி.யில் வரும் பெங்காலி காமெடித் தொடரில் கடைசி பெஞ்ச் ‘பல்ட்டு’ அவன்தான். பழைய பிரிட்டிஷ் ஸ்கூல் காமெடிகளின் பாணியில் டாலிகஞ்ச் ஸ்டூடியோவில் எடுக்கிறார்கள். மூன்றே சுவர் வைத்த வகுப்பறை, எதிரே உட்கார்ந்து சிரிக்க ஒரு கூட்டம், மீசையை மழித்துவிட்டுப் பையன்களாக நடிக்கும் குடும்பஸ்தர்கள். பேங்க் வேலையை உதறிவிட்டு வருஷக்கணக்கில் அலைந்தவனுக்குக் கிடைத்த முதல் நல்ல வேஷம் அது.

“குழந்தை தெரியாம பண்ணிட்டா, மேடம்...”

“தெரியாமலா? ‘என் அப்பா டி.வி.ல பண்ணினார், எல்லாரும் கை தட்டினா’ன்னு என் மூஞ்சிக்கு நேரா சொல்றா! ஜெயப்ரியா மிஸ் புதுப் புடவை கட்டிண்டு வந்தா. எழுந்தபோது டர்ருன்னு கிழிஞ்சது. நாற்பது பொண்கள் கெக்கேபிக்கேன்னு சிரிச்சிருக்கா. அவ ஸ்டாஃப் ரூம்ல உட்கார்ந்து அழுதாளே, அதுக்கு யார் கை தட்டறது?”

கௌசிக்கின் மகள் மதுவந்தி ஆறாம் வகுப்பு. இந்தப் பள்ளியில் இடம் வாங்குவதற்குள் அவனும் அவன் மனைவியும் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. வருஷத்தின் நடுவில் டி.சி. கொடுத்து அனுப்பினால் எந்தப் பள்ளி சேர்த்துக்கொள்ளும்?

“டி.சி. மட்டும் குடுத்துடாதீங்கோ, மேடம். உங்க கால்ல வேணும்னாலும் விழறேன்.”

“அதெல்லாம் அப்புறம். லண்டன்காரா அந்தக் காலத்துல எடுத்த ஸ்கூல் காமெடியெல்லாம் பார்த்திருக்கேளா? பசங்க வாயாடுவா, வாத்தியார் முழிப்பார். சிரிச்சு சிரிச்சு வயிறு வலிக்கும். ஆனா அந்த வாத்தியார் மேல நமக்குப் பிரியம்தான் வரும். அதுக்குப் பேர்தான் காமெடி. நீங்க பண்ணினது போக்கிரித்தனம்! அந்தக் கோந்து யாரோட ஐடியா?”

“ஸ்கிரிப்ட்ல இருந்தது, மேடம்.”

“ஸ்கிரிப்ட்ல?”

“ஆமாம். எழுதிக் குடுக்கறதைப் பண்றேன். நான் வெறும் நடிகன்தானே?”

“நன்னா யோசிச்சுச் சொல்லுங்கோ. கோந்து யாரோட ஐடியா?”

இந்தக் குறுக்கு விசாரணையில் கௌசிக்குக்கும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பெண்ணைக் காப்பாற்ற வேண்டும். அதற்கு யார் தலையையாவது உருட்டியாக வேண்டும். அந்த அறையில் இல்லாத தலையாக இருந்தால் ரொம்ப சௌகரியம்.

“அந்த ரைட்டரோட ஐடியாதான்! யாரு, என்ன பேருன்னு எங்க யாருக்கும் தெரியாது. டைரக்டருக்கு மட்டும்தான் தெரியும். வாரா வாரம் மெயில்ல ஸ்கிரிப்ட் வரும், அவ்வளவுதான். பள்ளிக்கூட வாசப்படியே மிதிக்காத மடையன் எவனோ எழுதறான், மேடம்!”

“மடையனா?” தமயந்தியின் மூக்கு நுனி சிவந்துவிட்டது.

“பின்னே என்ன? கோந்து வேண்டாம், குழந்தைகள் பார்க்கறா, நாளைக்கு ஏதாவது ஏடாகூடமா ஆயிடும்னு நான் தலைப்பாடா அடிச்சுண்டேன். எவன் கேட்டான்? டீச்சர்னா அந்த ஆளுக்கு அவ்வளவு இளப்பம்!”

சொல்லி முடித்ததும் அவனுக்கே அது நிஜம் போலத் தோன்றியது. குரல்கூட லேசாகத் தழுதழுத்தது. நல்ல நடிகன்தான், சந்தேகமே இல்லை.

தமயந்தி கண்ணாடியைக் கழற்றி, புடவைத் தலைப்பால் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டார். கோபத்தை அடக்குகிறார் என்பது அவர் மூச்சு வாங்கிய வேகத்திலேயே தெரிந்தது.

“மதுவந்திக்கு டி.சி. கிடையாது. குழந்தை. பார்த்ததைப் பண்ணினா. நாளைக்கு வந்து ஜெயப்ரியா மிஸ்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு கிளாஸ்ல உட்காரட்டும்.”

கௌசிக்குக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான்.

“ரொம்ப தேங்க்ஸ், மேடம்! இந்த உதவியை ஜென்மத்துக்கும் மறக்க மாட்டேன். ஷூட்டிங் இருக்கு, நான் கிளம்பட்டுமா? இனிமே அந்த ரைட்டர் என்ன எழுதினாலும் சரி, இந்த மாதிரி சீன்ல நான் நடிக்கவே மாட்டேன்!”

“நடிக்க வேண்டாம். டி.சி. பல்ட்டுவுக்கு” என்றார் தமயந்தி. “கோந்து நீயா சேர்த்துண்டதுன்னு டைரக்டர் சொல்லிட்டார். உன் வாயாலயே ஒத்துக்கறியான்னு பார்க்கத்தான் கூப்பிட்டேன். பல்ட்டுவை ஸ்கூலை விட்டு அனுப்பற எபிசோடை இதோ, இந்த மடையன் இன்னிக்கே எழுதி அனுப்பிடறேன்.”