பால் கரண்டியின் வயது

“வெள்ளின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க பாய், ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும்!” என்று பேராச்சி அந்தக் கரண்டியைக் கரீம் பாட்சாவின் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

தாராவியில் கழிமுகத்துச் சேற்றோரமாகத் தண்ணீர்க் குழாய்க்குப் பள்ளம் தோண்டியபோது, மண்ணோடு சில கரண்டிகள் வந்துவிட்டன. அவ்வளவுதான், புதையல் கிடைத்ததாகச் சந்து முழுக்கப் பேச்சு. பாத்திரங்களுக்கு ஈயம் பூசிப் பற்றவைக்கும் கரீம் பாட்சாவின் பட்டறையில் காலையிலிருந்தே கூட்டம்.

பாய் கரண்டியைப் புளி போட்டுத் தேய்த்து வெயிலில் திருப்பிப் பார்த்தார். “பித்தளை மேல முலாம். பொறத்தால முத்திரை பாரு, வெள்ளக்காரப் பட்டாளத்துது. ஒரு ஓரம் மட்டும் தேஞ்சிருக்குல்லா? எவனோ ஒருத்தன் சோத்தாங்கையால வருசக்கணக்காத் தின்னுருக்கான். வெள்ளியுமில்ல, கிள்ளியுமில்ல. வெறும் கச்ரா, குப்பை!”

பேராச்சி முகத்தைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தாள். அடுத்து வந்தவள் பூமாரி. பின்னாலேயே அவள் புருஷன் தளவாய். அவன் முகத்தில் ஈயாடவில்லை.

பூமாரி கையில் விரல் நீளத்தில் ஒரு பால் கரண்டி இருந்தது. அதன் கழுத்தைப் பெருவிரலால் அழுத்திப் பிடித்திருந்தாள்.

“இதும் அந்தப் பள்ளத்துலதான் கெடந்துச்சு அண்ணாச்சி. எம் மவன் கரண்டி மாதிரியே இருக்குன்னு பேராச்சி மதினி சொல்லுதா. அவன் கரண்டிதான் அவங்கூடவே ஊருக்குப் போயிட்டே? இது எந்தக் காலத்துதுன்னு எங்க வீட்டுக்காரவுக முன்னால சொல்லிருங்க.”

மூன்று வருஷத்துக்கு முன் பூமாரி விஷக் காய்ச்சலில் நினைவு தப்பி ஆஸ்பத்திரியில் கிடந்தாள். கைக்குழந்தையைத் தன் தங்கையோடு திருநெல்வேலிக்கு அனுப்பிவிட்டதாகச் சொன்னான் தளவாய். பிள்ளை அங்கே அத்தைக்காரியிடம் வளர்கிறது என்றுதான் சந்தே நம்பியிருந்தது. பூமாரியும் மகராசி, ஊருக்குப் போய்ப் பார்க்கவேண்டும் என்று ஒருநாள்கூட அடம்பிடித்ததில்லை.

கரீம் பாட்சா கரண்டியை வாங்கி மண்ணைத் துடைத்தார். அவள் விரல் இருந்த இடத்தில், பற்றவைத்த தழும்பு ஒன்று தெரிந்தது. கைப்பிடி ஒடிந்துபோச்சு என்று பூமாரி பிள்ளையும் கையுமாக வந்து நின்றபோது அவரே வைத்த பற்று அது. தன் கைவேலை தனக்குத் தெரியாதா?

பால்குடி மறக்காத பிள்ளை போய்விட்டால், அது குடித்த கரண்டியையும் கூடவே வைத்துப் புதைப்பது அந்தச் சந்துக்காரர்களின் வழக்கம்.

பாய் நிமிர்ந்து பார்த்தார். பூமாரியின் முதுகுக்குப் பின்னால் தளவாய் இரண்டு கையையும் கூப்பி நின்றிருந்தான். சொல்லிவிடாதீர்கள் என்று அவன் கண்கள் கெஞ்சின.

ஐந்து வேளை தொழுகிற மனுஷர், வியாபாரத்தில்கூட ஒரு பொய் சொன்னதில்லை. அன்றைக்கு வாய் கூசாமல் சொன்னார்.

“ஏ தங்கச்சி, இது அறுவது எழுவது வருசத்துக்கு முந்துனது. எவளோ வெள்ளக்காரச்சி தன் பிள்ளைக்கு மருந்து ஊத்தியிருப்பா. அவங்க கப்பலேறியே பதினஞ்சு வருசம் தாண்டியாச்சு. இப்பம் யாரு இப்படிக் கரண்டி செய்யுதா?”

“கேட்டீகளா? நம்ம பய கரண்டி இல்லியாம்!” என்று பூமாரி வாய்விட்டுச் சிரித்தாள்.

தளவாய் தோள்துண்டால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டான். தோல் பட்டறைக்கு நேரமாகிவிட்டது என்று முணுமுணுத்தபடி கிளம்பினான். பாவி மனுஷன், மூன்று வருஷத்தில் அன்றுதான் கொஞ்சம் நிமிர்ந்து நடந்தான்.

அவன் தலை மறையும்வரை வாசலில் நின்று பார்த்திருந்துவிட்டு, பூமாரி திரும்பி வந்தாள். அவள் முகத்தில் அந்தச் சிரிப்பு இல்லை. பட்டறைக் கல்மேல் பாய் வைத்திருந்த கரண்டியை எடுத்து, தழும்பு இருந்த இடத்தை மெல்லத் தடவினாள்.

“அதான் சொன்னேம்லா தங்கச்சி, அது பழசு…” என்று தடுமாறினார் பாய்.

அவள் கரண்டியைக் கண்ணில் ஒற்றி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

“எனக்குத் தெரியும்னு அவுகளுக்குத் தெரிய வேண்டாம் அண்ணாச்சி.”