நாற்பத்தேழாவது நிமிடம்

1999 ஆகஸ்ட் 14, சனிக்கிழமை. ஓசூரை ஒட்டிய மூக்கண்டப்பள்ளியில், நஞ்சம்மா வீட்டுக் கம்ப்யூட்டரில் காலை பத்து மணிக்குப் படம் உறைந்து நின்றிருந்தது. நஞ்சம்மா அதன் முன்னால் உட்கார்ந்திருந்தார்.

கம்ப்யூட்டர் ரிப்பேர்க்காரனான ஜமீர் அகமது பையை இறக்கிவைத்துத் திரையைப் பார்த்தான். கேன்டீன் படிக்கட்டில் கழுத்து நிறைய மாலையோடு கோவிந்தப்பன் சிரித்துக்கொண்டிருந்தார். இடது தோள் மட்டும் சின்னச் சின்னக் கட்டங்களாக உடைந்திருந்தது. அதே நாற்பத்தேழாவது நிமிடம்.

"ஹேங் ஆயிடுச்சும்மா," என்று சொல்லிக் கம்ப்யூட்டரை அணைத்தான். நஞ்சம்மா எழுந்து சமையலறைக்குள் போய்விட்டார்.

ஜூன் முப்பதாம் தேதி அவர் கணவர் கோவிந்தப்பன் வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். ஆலையில் நடந்த பிரிவு உபசார விழாவை ஒரு ஸ்டுடியோக்காரர் ஐம்பது நிமிட வீடியோவாக எடுத்து, பிறகு சிடியில் போட்டுக் கொடுத்தார். விழா முடிந்து சைக்கிளில் கேட்டைத் தாண்டிய கோவிந்தப்பன், பெங்களூர் ரோட்டில் இருபதடி போவதற்குள் கிரானைட் லாரியில் அடிபட்டு அங்கேயே இறந்துபோனார்.

மகன் கங்கப்பன் அன்று கம்பெனி டிரெய்னிங்குக்காகப் புனேயில் இருந்தான். வந்து சேர்ந்தபோது அப்பாவின் முகத்தைத் துணியால் கட்டிவைத்திருந்தார்கள். வீடியோவின் கடைசி மூன்று நிமிடத்தில் அவர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு கேட் வரைக்கும் நடந்து, சைக்கிளில் ஏறிப் போகிறார். அந்த மூன்று நிமிடம்தான் அவனுக்கு வேண்டும். தன் கடைக்கு வந்து பார்த்துக்கொள்ளும்படி ஜமீர் சொன்னதற்கு, நாலு பேர் முன்னால் தன்னால் முடியாது என்றுவிட்டான்.

முதல் சிடி, ஸ்டுடியோவில் பதியும்போதே கடைசியில் பழுதாகியிருந்தது. அதைக் கண்டுபிடிக்க ஜமீருக்கு அரை நாள் ஆயிற்று. அன்று நஞ்சம்மா பக்கத்திலேயே இருந்தார். சிடியை வாங்கித் திருப்பிப் பார்த்து, இதில் ஆரம்பம் எது, முடிவு எது என்று கேட்டார். நடு ஓட்டைக்குப் பக்கத்தில் தொடங்கி ஓரத்தில் போய் முடியும் என்று ஜமீர் விரலால் வட்டம் போட்டுக் காட்டினான். இந்த வயதில் இதையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொள்கிறாரே என்று அவனுக்குச் சந்தோஷம்.

ஸ்டுடியோவில் கேசட்டிலிருந்து இரண்டாவது சிடி போட்டு வாங்கினான். கடையில் கடைசிவரை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் கொண்டுபோனான். கங்கப்பன் காலை ஷிப்ட் போயிருந்ததால் நஞ்சம்மா கையில் கொடுத்தான். மத்தியானம் கங்கப்பன் வந்து போட்டுப் பார்த்தபோது மறுபடியும் நாற்பத்தேழில் நின்றது.

"ஏன் பாய், இந்தப் பொட்டிக்கு எங்கப்பா மேல அப்படி என்ன கோவம்?" என்று போனில் கேட்டான். சிரித்துக்கொண்டேதான் கேட்டான். ஜமீர் அன்றே ஒரு புதிய டிரைவுக்குச் சொல்லிவைத்தான்.

கடையில் ஓடியது வீட்டில் ஓடவில்லை என்றால் டிரைவ்தான் கோளாறு. இன்று அதைக் கழற்றுமுன் உள்ளே கிடந்த சிடியை எடுத்துத் திருப்பிப் பார்த்தான். ஓரத்தில் மட்டும் கோடு கோடாகக் கீறல். பழைய டிரைவ் சுரண்டியிருக்கிறது என்று முடிவுகட்டிப் புதிய டிரைவை மாட்டினான். நேற்று ஸ்டுடியோவில் அதே கேசட்டிலிருந்து போட்டு வாங்கிய மூன்றாவது சிடியைப் பையிலிருந்து எடுத்து, கடைசி மூன்று நிமிடத்தை மட்டும் ஓட்டிப் பார்த்துவிடலாம் என்றான்.

நஞ்சம்மா சமையலறை வாசலில் வந்து நின்றார். "வேணாம்ப்பா. அவன் வந்து பாத்துக்கட்டும்."

அது நியாயமாகப் பட்டது. தன்னிடமிருந்த ஒரு பாட்டு சிடியைப் போட்டு டிரைவைச் சோதித்தான். கடைசிவரை ஓடியது. புதிய சிடியை நஞ்சம்மா கையில் கொடுத்து, பத்திரமாக வைக்கச் சொல்லிவிட்டுக் கிளம்பினான். தெருமுனை தாண்டிய பிறகுதான் ஸ்க்ரூடிரைவரை மேசையிலேயே விட்டுவந்தது நினைவுக்கு வந்தது.

கதவு திறந்தே இருந்தது. நஞ்சம்மா ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தார். மடியில் புதிய சிடி கவிழ்ந்து கிடந்தது. முந்தானையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி, அதன் ஓரத்தில் நிதானமாகக் கோடு இழுத்துக்கொண்டிருந்தார். அவனைப் பார்த்த பிறகும் கை நிற்கவில்லை.

"என்னம்மா இது? உங்க மவன் அந்த மூணு நிமிஷத்துக்குத்தானே இத்தனை நாளா..." என்றான் ஜமீர்.

நஞ்சம்மா இன்னொரு கோடு இழுத்தார். சிடியைத் தூக்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.

"கேட்டத் தாண்ட விட்டா ரோட்டுக்கு வந்துருவாருப்பா."

இரண்டே முக்காலுக்குக் கங்கப்பன் கடைக்குப் போன் செய்தான். ஸ்டுடியோக்காரர் அந்தக் கேசட்டை அழித்து அதில் வேறொரு கல்யாணத்தைப் பதிந்துவிட்டார், இனிமேல் காப்பி எடுக்க வழியில்லை என்று ஜமீர் சொன்னான்.