முப்பத்தைந்துக்கு மேல்

பிளஸ் டூ கணக்கில் மாவட்டத்திலேயே முதலாவதாக வரும் பிள்ளையை, வாத்தியார் இல்லாத பள்ளிக்கூடத்துக்கென்று அரசாங்கம் எடுத்துக்கொள்ளும். இருபது வருஷத்துக்கு மேற்படிப்பும் கிடையாது, கல்யாணமும் கிடையாது. அதனால் தாராபுரத்து சுலோச்சனா தன் மகள் நறுமுகையைத் தப்பாக எழுதப் பழக்கினாள். பாஸாக முப்பத்தைந்து மார்க் போதும். அதற்கு மேல் ஒரு கணக்கு சரியாக வந்தாலும் தோசைக்கரண்டியால் அடி விழும்.

ரிசல்ட் வந்த காலையில் வாசலில் வேன் வந்து நின்றது.

"வீடு மாறி வந்துட்டீங்க மேடம்" என்று சிரித்தாள் சுலோச்சனா. "இவ முப்பத்தஞ்சு வாங்குற புள்ளைங்க."

"மாவட்டம் பூரா முப்பத்தஞ்சுதாங்கம்மா" என்றார் அதிகாரி. "உங்க பொண்ணு மட்டும் நாப்பது."

சுலோச்சனா மகள் பக்கம் திரும்பினாள்.

"கடைசிக் கேள்வியா, நீயே உக்காந்து சொல்லிக்குடுத்த கணக்கு வந்துச்சும்மா" என்றாள் நறுமுகை. "அதைப் போய்த் தப்பா எழுத மனசு வரல."

அடிக்கத் தூக்கிய கை அடிக்கவில்லை. மகளின் தோளை இறுகப் பற்றிக்கொண்டது.

அதிகாரி அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார்.

"டீச்சர் மேல கை வைக்கக்கூடாதுங்கம்மா. இனி அவங்க அரசு ஊழியர்."