ஓட்டத்தின் பலன்

மனைவியின் தம்பியை வெட்டிச் சாய்த்து, கடைக்குப் பின்னால் புதைத்த மறுநாள், கறிக்கடைக்காரர் டாக்டர் சொல்படி காலையில் ஓடத் தொடங்கினார். தொப்பை கரைந்தது, சர்க்கரை இறங்கியது. பனியனின் முதுகுப்பக்கம் மட்டும் தினமும் கிழிந்தது.

“தம்பி ஊரைவிட்டு ஓடினதுலேருந்து நீங்களும் ஓடிக்கிட்டே இருக்கீங்க” என்று அலுத்துக்கொண்டாள் மனைவி. “இதென்ன, கத்தியால கீறின மாதிரி இருக்கு?”

அவர் வேறொரு பனியனை எடுத்து மாட்டிக்கொண்டார்.

இன்று டாக்டருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. “பையன் மாதிரி ஆயிட்டீங்க! ஓட்டத்தை நிறுத்திடாதீங்க.”

“நிறுத்த விட்டாத்தானே, டாக்டர்.”

டாக்டர் சிரித்தார். முதுகில் ரத்தம் கசிந்த கீறலுக்கு மருந்து தடவிவிட்டு, பக்கத்திலேயே ஸ்டெதஸ்கோப்பை வைத்தார்.

“மூச்சை அடக்குங்க... இப்படி இரைக்குதே, அடக்குங்கன்னேன்ல?”

கறிக்கடைக்காரர் மூக்கையும் வாயையும் இரு கைகளாலும் இறுகப் பொத்திக்கொண்டிருந்தார்.