நகவெட்டியில் சிவப்பு

"ரத்தம் இல்லன்னா வேற என்னங்க இது?"

பிரகதீஸ்வரி நகவெட்டியை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினாள். அதன் பிடியில் காய்ந்துபோன சிவப்புக் கறை இருந்தது.

நீடாமங்கலத்தில் நக அலங்காரக் கடை நடத்தும் செம்மொழிக்கு வியர்த்துவிட்டது. "சத்தியமா சொல்றேங்க. சோப்புப் போட்டுக் கழுவி, கொதிக்கவெச்சு, ஸ்பிரிட்ல ஊறவெச்சுத்தான் அடுத்தவங்களுக்கு எடுப்பேன்."

"ஒரு கிருமி போதும்ங்க, நகமே பெயர்ந்து வந்துடும். ஐப்பசியில எனக்குக் கல்யாணம். சொந்தக்காரப் பொண்ணுங்க ஒன்பது பேரையும் இங்கதான் கூட்டிட்டு வரலாம்னு இருந்தேன். இப்ப எப்படி வர்றது?"

அரத்திலும் சிவப்பு இருந்தது. கத்தரிக்கோலிலும் இருந்தது.

"அய்யோ, சுவர்க் கடிகாரத்துலயுமா? யாரைங்க வெட்டுனீங்க?"

செம்மொழி அண்ணாந்து பார்த்தாள். கடிகாரத்தின் சிவப்புக்கு அடியில் சந்தனமும் இருந்தது. அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"குங்குமம்ங்க! நேத்து ஆயுத பூஜை. நான் சுவாமிமலையில அம்மா வீட்டுல இருந்தேன். எங்க வீட்டுக்காரர் கடையைத் திறந்து ஒன்னு விடாம பொட்டு வெச்சிருக்காரு. இருங்க, எல்லாத்தையும் கழுவிக் கொதிக்கவெச்சுடறேன்."

அடுப்பில் தண்ணீரை வைத்துவிட்டு, நகவெட்டியைக் குழாயடியில் நீட்டினாள். பிரகதீஸ்வரி பாய்ந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கல்யாணப் பொண்ணு கண்ணெதிர்ல குங்குமத்தை அழிக்காதீங்கக்கா. அப்படியே வெட்டி விடுங்களேன்!"